ஃபயர்பிளேஸுக்கு மேல் டிவி: மரச் சட்டமா, இரும்புச் சட்டமா, இருக்கிற சுவரே போதுமா?

டொரொன்டோவைச் சுற்றி மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் பக்கம் வீடு வாங்கியவர்களில் பலர் ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். ஒரு சுவரில் கேஸ் ஃபயர்பிளேஸ். எதிர்ச் சுவர் முழுக்க ஜன்னல். மூன்றாவது பக்கம் சமையலறைக்குத் திறந்து கிடக்கிறது. டிவிக்கு மிஞ்சுவது நெருப்புக்கு மேலே உள்ள சுவர் மட்டும். பேஸ்மென்டைப் புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் டிவியும் கீழே நெருப்பும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும் சுவர்தான் வேண்டும் என்கிறார்கள்.

வழிகள் நான்கு. இருக்கிற கேஸ் ஃபயர்பிளேஸுக்கு மேல் நேரடியாக மாட்டலாம். மரச் சட்டம் அடித்து, சுவரை முன்னுக்குத் தள்ளி, அதில் மின்சார ஃபயர்பிளேஸ் வைக்கலாம். அதே வேலையை இரும்புச் சட்டத்தில் செய்யலாம். இல்லாவிட்டால் கடையில் விற்கும் ஃபயர்பிளேஸ் கேபினெட் ஒன்றை வாங்கி அதன் மேல் டிவியை வைத்துவிடலாம். ஓடு, கல், மரப்பட்டி என்று அழகைப் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை கீழே.

## எதை வைத்து எடை போடுவது

உயரம். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 40 முதல் 42 அங்குல உயரத்தில் இருக்கும். டிவியின் நடுப்புள்ளி அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. பழைய மாதிரி கேஸ் ஃபயர்பிளேஸில் மேன்டல் பலகை (நெருப்புக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு) 50 அங்குலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 6 அங்குலம் விட்டு, 65 அங்குல டிவியை (உயரம் சுமார் 33 அங்குலம்) மாட்டினால் நடுப்புள்ளி 72 அங்குலத்துக்குப் போய்விடும். ஒன்பது அடி தள்ளி உட்காருபவர் கிட்டத்தட்ட 16 டிகிரி மேலே பார்க்க வேண்டும். 15 டிகிரியைத் தாண்டினால் கழுத்து பேச ஆரம்பிக்கும். நீளவாக்கில் தாழ்வாக இருக்கும் மின்சார ஃபயர்பிளேஸின் மேல் விளிம்பு 28 அங்குலத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் 12 அங்குலம் விட்டாலும் டிவியின் நடு 56 அல்லது 57 அங்குலம்தான், கோணம் சுமார் எட்டு டிகிரிதான்.

சூடு. பெரும்பாலான டிவிகளின் கையேட்டில் இயங்கும் வரம்பு 40 டிகிரி செல்சியஸோடு முடிகிறது. அது டிவியைச் சுற்றியுள்ள காற்றின் சூடு. டிவி தன் சொந்தச் சூட்டையும் அதன் மேல் சேர்த்துக்கொள்ளும். இதைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. டிவி வரப்போகும் இடத்தில் ஒரு சாதாரண வெப்பமானியை டேப்பால் ஒட்டி, நெருப்பை முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 32 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை. 38ஐத் தொட்டால் அங்கே டிவி வேண்டாம். டிவியின் கீழ் விளிம்பு வரும் இடத்தையும் தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று முதலில் அடிப்பது அங்கேதான்.

மின்சாரமும் வயரும். 120 வோல்ட், 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் அதோடு வேறு எதையும் சேர்க்க முடியாது. டிவிக்கான பிளக் வேறு சர்க்யூட்டில் இருக்க வேண்டும். டிவியோடு வந்த பவர் கார்டைச் சுவருக்குள் விடுவது விதிக்குப் புறம்பு. டிவிக்குப் பின்னால் உள்வாங்கிய பெட்டியில் பிளக் இருக்க வேண்டும்.

பிறகு மாற்ற முடிவது. டிவி ஏழெட்டு வருஷம் உழைக்கும். சுவர் முப்பது வருஷம் நிற்கும். அடுத்த டிவி 75 அங்குலமாக வந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் செய்யலாம். ஒன்டாரியோவில் கேஸ் குழாயிலோ கேஸ் ஃபயர்பிளேஸிலோ கை வைக்க உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் வேண்டும். மின்வேலைக்கு இஎஸ்ஏ என்ற மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்யலாம். மரமும் ட்ரைவாலும் (சட்டத்தை மூடும் ஜிப்சம் பலகை) மட்டுமே தாராளமாக உங்கள் கையில் உள்ள வேலை.

## இருக்கிற கேஸ் ஃபயர்பிளேஸுக்கு மேலேயே

மலிவான வழி என்று தோன்றும். ஒரு மவுன்ட் (டிவியைச் சுவரில் பிடிக்கும் தாங்கி), நாலு ஸ்க்ரூ, முடிந்தது கதை என்பார்கள். இந்த வழியில் எழும் சிக்கல்களில் பாதி, சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் துளை போடுவதால் வருபவை. ஃபயர்பிளேஸுக்கு மேலே, சுவருக்கு உள்ளே, புகைக்குழாய் போகிறது. அந்தக் குழாயைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. அந்த வெற்றிடத்துக்குள் வயரை இறக்கக் கூடாது. மேலே மாட்டிய டிவிக்கு வயரைப் பக்கவாட்டில், அடுத்த ஸ்டட் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் கட்டை) இடைவெளி வழியாகச் சுற்றிக் கொண்டுவருவதற்குத்தான் எலக்ட்ரீஷியனின் பாதி நாள் போகும்.

மேன்டல் பலகை ஒரு அலங்காரம் மட்டுமல்ல, நெருப்பிலிருந்து எழும் காற்றை முன்னால் தள்ளி டிவியைக் காப்பதும் அதுதான். பலகையைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான சுவராக்க நினைப்பவர்கள் மேலே சொன்ன வெப்பமானிச் சோதனையைப் பலகை இல்லாத நிலையில் மறுபடி செய்யுங்கள். கேஸ் யூனிட்டுக்கு மேலே எரியக்கூடிய பொருள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதெல்லாம் அந்த மாடலின் கையேட்டில் வரைபடமாகவே இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் கீழ்க் கதவைத் திறந்து தகட்டில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்துத் தேடலாம். விறகு எரிக்கும் செங்கல் ஃபயர்பிளேஸானால் கட்டட விதியே பேசுகிறது: வாயிலைச் சுற்றி 150 மில்லிமீட்டருக்குள் எரியும் பொருள் கூடாது. வாயிலுக்கு மேலே 38 மில்லிமீட்டருக்கு அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் மரம் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

உயரப் பிரச்சினைக்கு டிவியைக் கீழே இழுத்துக்கொள்ளும் மவுன்ட் விற்கிறார்கள். நல்ல சாமான்தான், ஒரு நிபந்தனை உண்டு. இறக்கினால் டிவி நெருப்பின் முகத்துக்கு நேரே தொங்கும். நெருப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்ட பிறகே இறக்க வேண்டும். பனிக்காலத்தில் நெருப்பும் படமும் ஒன்றாக வேண்டும் என்பவருக்கு இது உதவாது. செங்கல் முகத்தில் மாட்டுவதானால் நங்கூர போல்ட்டைச் செங்கல்லின் நடுவில் போடுங்கள். சுண்ணச் சந்தில் போட்டால் வருஷம் போகப் போக உதிரும்.

நெருப்பை வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் கொளுத்துபவர், மேன்டல் 45 அங்குலத்துக்குக் கீழே உள்ளவர், ஓரிரு வருஷத்தில் வீட்டை விற்கப்போகிறவர் ஆகிய மூன்று பேருக்கு இது சரி.

## மரச் சட்டமும் மின்சார ஃபயர்பிளேஸும்

பேஸ்மென்டுக்கும், கேஸ் இல்லாத ஹாலுக்கும் எங்கள் முதல் தேர்வு இது. 8 அடிக் கூரை, 7 அடி அகலம், 12 அங்குல ஆழம் என்று ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம்.

இதற்கு 8 அடி நீள 2×4 மரம் 20 முதல் 22 துண்டு வேண்டும். இதன் உண்மை அளவு 1½ × 3½ அங்குலம் என்பதை மறந்து கணக்குப் போட்டால் எல்லாம் அரை அங்குலம் அரை அங்குலமாகப் பிசகும். 4×8 ட்ரைவால் மூன்று பலகை போதும். இரண்டு பலகை முகப்பை மூடி 12 அங்குலப் பட்டி மிஞ்சும், அது ஒரு பக்கச் சுவருக்குச் சரியாக அமையும். மூன்றாவது பலகை மறுபக்கத்துக்கும், டிவியைச் சுவருக்குள் உள்வாங்கி வைக்கும் மாடம் செய்தால் அதன் உள்பக்கங்களுக்கும். இவற்றோடு ¾ அங்குலப் பிளைவுட் ஒன்று, 2 அடிக்கு 4 அடி. மவுன்ட்டுக்கு ஸ்டட்டைத் தேடித் தடவாமல் இருக்க வேண்டுமானால் இந்தப் பலகையை ட்ரைவாலுக்குப் பின்னால், ஸ்டட்களோடு இறுக்கிவிடுங்கள். பிறகு டிவி எந்த அளவில் வந்தாலும் ஸ்க்ரூ பிடிக்கும்.

வேலை நடக்கும் வரிசை இது:

1. மரத்தை வாங்கி வந்து ஒரு வாரம் அறைக்குள்ளேயே அடுக்கிவையுங்கள். கடையிலிருந்து வரும் மரத்தில் ஈரம் இருக்கும். பனிக்காலத்தில் ஹீட்டிங் ஓடும் வீட்டின் காற்று வறண்டது. அடித்த பிறகு மரம் சுருங்கினால் ட்ரைவால் ஸ்க்ரூ தலைகள் முகப்பரு போல வெளியே துருத்தும்.
2. தரையில் லேமினேட் மிதக்கும் தளம் (கீழே ஒட்டாமல் பரப்பிய பலகைத் தளம்) இருந்தால், அடிக்கட்டை வரும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கீழ்த் தரையில் இறுக்குங்கள். தளத்தின் மேலேயே ஸ்க்ரூ அடித்தால் அது விரிய இடமில்லாமல் கோடையில் நடுவில் கூடாரமாக எழும். பேஸ்மென்ட் கான்கிரீட்டானால் கட்டைக்கு அடியில் ஃபோம் பட்டி ஒன்று, ¼ அங்குலக் கான்கிரீட் ஸ்க்ரூ, துளைக்கு 3/16 பிட்.
3. கூரை ஜாயிஸ்ட்டுகள் (தளத்தைத் தாங்கும் விட்டங்கள்) சுவருக்கு இணையாக ஓடினால் மேல்கட்டை வெறும் ட்ரைவாலில்தான் நிற்கும். நடுவில் குறுக்குக் கட்டை போட வழியில்லையென்றால், பசையும், ட்ரைவாலுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் டாகிள் போல்ட்டும் போட்டு, மீதிப் பலத்தைப் பின்சுவரின் ஸ்டட்களிலிருந்து எடுங்கள்.
4. ஸ்டட் இடைவெளி, மையத்துக்கு மையம் 16 அங்குலம். பலகையின் 48 அங்குல விளிம்பு ஒரு ஸ்டட்டின் நடுவில் விழும்படி அளவைத் தொடங்குங்கள்.
5. ஃபயர்பிளேஸ் வாயிலின் அளவு கையேட்டில் இரண்டு விதமாக இருக்கும்: சட்டத்தின் அளவு, முடிந்த சுவரின் அளவு. ஓடு ஒட்டப்போகிறீர்கள் என்றால் போர்டு, பசை, ஓடு மூன்றின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் யூனிட்டின் விளிம்பு சுவரோடு உட்காராது.
6. வயர் இழுத்து, பெட்டிகள் வைத்து, 1½ அல்லது 2 அங்குலக் குழாய் ஒன்றை டிவி இடத்திலிருந்து கீழ்க் கேபினெட் வரை ஓட்டுங்கள். எச்டிஎம்ஐ கேபிளை அதற்குள் விட்டால் பிறகு மாற்றலாம். சாதாரணச் செம்புக் கேபிளை 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் அதிவேகப் படம் விட்டுவிட்டு வரும், அப்போது ஒளியிழைக் கேபிள்தான் கை கொடுக்கும்.
7. மூடும் முன் இஎஸ்ஏ பரிசோதனை. ஃபயர்பிளேஸை வைத்து, ஹீட்டரை ஓட்டி, டிவியையும் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தைச் சோம்பலில் தவிர்த்தவர்கள்தான் பின்னால் ட்ரைவாலை வெட்டுகிறார்கள்.
8. ட்ரைவாலின் சந்து வாயிலின் மூலையில் முடியக் கூடாது. பலகையை ‘ட’ மாதிரி வெட்டி மூலையைச் சுற்றிக் கொண்டுபோங்கள். மூலையில் முடிந்த சந்தில் முதல் பனிக்காலத்திலேயே சாய்வாக விரிசல் ஓடும்.

இதில் ஏமாற்றுவது வெப்பம் வெளிவரும் இடம். சில மாடல்களில் சூடான காற்று மேல் விளிம்பிலிருந்து வீசும், சிலவற்றில் கீழிருந்து. மேலே வீசும் யூனிட்டை வைத்து அதற்கு மேல் டிவியை உள்வாங்கிய மாடத்தில் வைத்தால், காற்று சுவரோடு ஏறி அந்த மாடத்துக்குள் தேங்கும். கீழே வீசும் மாடலை வாங்குங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவில் 6 முதல் 8 அங்குலம் நீட்டிய பலகை ஒன்று வையுங்கள்.

மாடம் அழகுதான், ஆனால் அது ஒரு டிவிக்கு எழுதிக்கொடுத்த சாசனம். 65 அங்குல டிவிக்கு 57 அங்குல அகலம் போதும். 75 அங்குலத்துக்கு 66 தேவை. மாடம் வேண்டுமென்றால் 75க்கு அளந்து செய்து, பக்கத்துக்கு 2 அங்குலமும் மேலே 3 அங்குலமும் காற்றுக்கு விடுங்கள். மாடமே இல்லாமல் சமதளமாக விட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

வெளிச் சுவரையொட்டிச் செய்யும்போது பழைய ட்ரைவாலையும் அதற்குப் பின்னால் உள்ள ஈரத்தடுப்புப் பாலித்தீனையும் அப்படியே விடுங்கள். புதிய சட்டத்துக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு அடைக்காதீர்கள். மின்சார யூனிட்டைப் பஞ்சு தொடக் கூடாது, அதோடு பழைய சுவர் மேலும் குளிர்ந்து உள்ளே ஈரம் கோக்கும். தரையில் ஹீட்டிங் காற்று வரும் துவாரம் புதிய சுவருக்குள் மாட்டிக்கொள்கிறதா என்பதையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். குழாயை முன்னால் நீட்டுவது சின்ன வேலை, சுவரை முடித்த பிறகு பெரிய வேலை.

மறைந்த செலவு மரத்தில் இல்லை. பேனலிலிருந்து (வீட்டின் பிரேக்கர் பெட்டி) தனி சர்க்யூட் இழுப்பதில் இருக்கிறது. பேனல் பேஸ்மென்டின் அந்தக் கோடியில் இருந்து, நடுவில் கூரை மூடியிருந்தால் ட்ரைவால் ஒட்டும் கூலியும் சேரும். பேனலில் காலி இடம் இல்லாவிட்டால் அது இன்னொரு செலவு.

## இரும்புச் சட்டம்

இரும்பு ஸ்டட் வளையாது, சுருங்காது, எரியாது. நீளமான கேஸ் ஃபயர்பிளேஸை புதிதாக வைப்பவர்களுக்கு இதில் தேர்வே இல்லை. அத்தகைய யூனிட்டுக்கு மேலே குறிப்பிட்ட உயரம் வரை எரியாத சட்டமும் சிமென்ட் போர்டும்தான் வேண்டும் என்று பல கையேடுகள் கட்டளையிடுகின்றன. அந்த உயரத்துக்குள் ஒரு மரத்துண்டைக்கூட, பிளைவுட்டைக்கூட விடக் கூடாது. டிவி அந்த எல்லைக்குள் வருகிறது என்றால் தடித்த இரும்புத் தகட்டைத்தான் பின்னால் வைக்க வேண்டும்.

மின்சார யூனிட்டுக்கு இரும்பு கட்டாயமில்லை. நேர்கோடு வேண்டும் என்பவரும், ஈரமான பேஸ்மென்டில் செய்பவரும் எடுக்கலாம். ஆனால் கடையில் முன்னால் அடுக்கியிருப்பது 25 கேஜ் மெல்லிய ஸ்டட் (கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்). டிவியை அதில் மாட்டாதீர்கள். 25 கிலோ டிவியை 24 அங்குலம் வெளியே இழுக்கும் கை மவுன்ட்டில், மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 8 அங்குலம்தான் இடைவெளி என்றால், மேல் ஸ்க்ரூக்களைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ. தகரம் போன்ற 25 கேஜில் ஸ்க்ரூவின் புரி கழன்று வந்துவிடும். டிவி வரும் பகுதிக்கு 20 கேஜ் ஸ்டட் போட்டு, மின்சார யூனிட்டானால் பின்னால் ¾ பிளைவுட்டும் வையுங்கள்.

வயர் ஸ்டட்டின் துளைக்குள் போகும் ஒவ்வொரு இடத்திலும் பிளாஸ்டிக் வளையம் கட்டாயம். இல்லையென்றால் இரும்பு விளிம்பு வயரின் தோலை அறுக்கும், உங்கள் விரலையும் அறுக்கும். ட்ரைவால் ஸ்க்ரூவும் வேறு: மரத்துக்கு அகலப் புரி, இரும்புக்கு நெருங்கிய புரி.

கேஸ் சுவரின் மேற்பகுதியில் ட்ரைவால் டேப் சூட்டில் உரிந்து வருவது வழக்கமான புகார். அங்கே சிமென்ட் போர்டும், தண்ணீர் கலந்து இறுகும் பவுடர் பூச்சும்தான் நிற்கும், வாளியில் வரும் பூச்சு நிற்காது. சுவருக்குள் தேங்கும் சூட்டைக் கூரையருகே ஒரு திறப்பு வழியாக வெளியேற்றும் மாடல்கள் இப்போது வருகின்றன. கேஸ் நெருப்பும் டிவியும் ஒரே சுவரில்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் அந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் போகாது.

## ரெடிமேட் கேபினெட்

வாடகை வீட்டுக்கும் காண்டோ அடுக்குமாடி வீட்டுக்கும் இதுதான். டிவி கண் உயரத்துக்கே வந்துவிடும், வீடு மாறும்போது கூடவே வரும். எக்ஸ்டென்ஷன் கார்டில் மட்டும் மாட்டாதீர்கள், 12.5 ஆம்பியரில் அந்தக் கார்டு சூடேறும். அதே சர்க்யூட்டில் வேக்குவம் கிளீனரைப் போட்டால் பிரேக்கர் விழும். கேபினெட் எத்தனை கிலோ தாங்கும், டிவியின் கால்கள் பலகைக்குள் அடங்குமா என்பதை வாங்கும் முன் அளந்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் கேபினெட்டையும் டிவியையும் பட்டியால் சுவரில் கட்டிவையுங்கள்.

## ஒரு பார்வையில்

| | கேஸுக்கு மேல் நேரடியாக | மரச் சட்டம், மின்சாரம் | இரும்புச் சட்டம் | கேபினெட் |
|---|---|---|---|---|
| டிவி நடுப்புள்ளி | 65–75 அங்குலம் | 55–58 | மின்சாரத்துக்கு 55–58, கேஸுக்குக் கையேட்டைப் பொறுத்து | 42–48 |
| சூட்டு ஆபத்து | அதிகம், அளந்தே முடிவு | காற்று வீசும் இடத்தைப் பொறுத்து | கேஸானால் அதிகம் | குறைவு |
| நீங்களே செய்யக்கூடியது | மவுன்ட் மட்டும் | சட்டம், ட்ரைவால், பூச்சு | சட்டம், போர்டு. கேஸ் கூடாது | முழுவதும் |
| மறைந்த செலவு | வயரைச் சுற்றி இழுப்பது | தனி சர்க்யூட், தரைத் துவாரம் | கேஸ் டெக்னீஷியன், சிமென்ட் போர்டு | அநேகமாக இல்லை |
| பெரிய டிவி வந்தால் | மவுன்ட் மாற்றினால் போதும் | மாடம் இல்லையென்றால் எளிது | தகட்டைப் பொறுத்து | புதிய கேபினெட் |
| வேலை நாள் | ஒன்று | பூச்சு காய்வதோடு 7–10 | இரண்டு மூன்று வாரம் | சில மணி நேரம் |

சுவர் எப்படி வந்தாலும், முகப்பில் கல் ஒட்ட ஆசைப்படுபவர்கள் எடையைப் பார்க்க வேண்டும். ஒட்டுக்கல் சதுர அடிக்கு 15 பவுண்டு வரை வரலாம். 7 × 8 அடி முகப்பை முழுக்க அந்த எடையில் மூடினால் 840 பவுண்டு, அதாவது 380 கிலோ. பேஸ்மென்ட் கான்கிரீட் இதைப் பொருட்படுத்தாது. மேல்மாடியில் அந்தச் சுவர் ஜாயிஸ்ட்டுகளுக்கு இணையாக, இரண்டு ஜாயிஸ்ட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் தரை தொய்யும், ஓட்டுச் சந்துகள் பிளக்கும். அங்கே மெல்லிய பீங்கான் ஓடு சதுர அடிக்கு நாலைந்து பவுண்டோடு வேலையை முடித்துவிடும். மரப்பட்டிப் பலகை அதைவிட இலகு, ஆனால் கேஸ் வாயிலைச் சுற்றி அது கூடாது. மின்சார யூனிட்டானாலும் கையேடு சொல்லும் இடைவெளியை விட்டே ஒட்ட வேண்டும்.